பேஷண்ட் அசையக் கூடாது

மூக்கு அரிக்கிறது. நினைவிழந்த ஆளுக்கு மூக்கு அரிக்குமா என்று பயிற்சிப் புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை. அரிக்காது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே எனக்கு அரிக்கவில்லை. நான் எட்டயபுரம் விலக்குத் திருப்பத்தில் லாரி இடித்துப் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் ஹெல்மெட்டோடு, வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஒருக்களித்துக் கிடக்கிற அடையாளம் தெரியாத ஆண். அப்படித்தான் ஹேமலதா மேடம் சொல்லியிருக்கிறார். உள்ளபடி பார்த்தால் நான் கொம்பையா, ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளன், கிடப்பது மாவட்ட அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரை, முழங்காலில் வழிவது சிவப்பு மை. ஆனால் உள்ளதைச் சொல்லக் கூடாது. மேடம் தலைமை அலுவலகத்திலிருந்து தேர்வு நடத்த வந்தவர், வந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டார்: "கேஸ் ஆரம்பிச்ச பிறகு இது நடிப்பு, இது டெஸ்ட்னு யார் வாயிலயாவது வந்தா அங்கேயே ஃபெயில். பேஷண்ட் அசையக் கூடாது, பேசக் கூடாது. அசைஞ்சா மார்க் போயிடும். பேஷண்டுக்கு இல்ல, கேண்டிடேட்டுக்கு." யார் தலையிலிருந்து கழற்றிய ஹெல்மெட்டோ தெரியவில்லை, உள்ளே பல பேருடைய எண்ணெய் வாசனை கூட்டுக்குடும்பம் நடத்துகிறது. தாடைப் பட்டையை மேடம் இழுத்துப் போட்டதில் வாயைத் திறக்க முடியவில்லை. முகத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடி முழுக்கக் கீறல், அதன் வழியாகப் பார்த்தால் மேடம் அடைமழையில் நின்று டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. மூக்கு மட்டும் என்னுடையதாக, உயிரோடு, அரித்துக்கொண்டே இருக்கிறது.

பொம்மை ஒன்று இருந்தால் நான் ஏன் இங்கே கிடக்கிறேன். இருந்தது. ராணி என்று பேர் வைத்திருந்தோம். மாவட்டத்தில் உள்ள அத்தனை பேரும் அவள் நெஞ்சை அமுக்கித்தான் தொழில் கற்றோம். அமுக்கி அமுக்கி ஸ்பிரிங் உள்ளே போய், தாடை கழன்று, ரிப்பேருக்காகப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நான் சேர்ந்த காலத்தில் வாரக்கணக்கில் பயிற்சி இருந்தது, சோறு போட்டார்கள், பரீட்சை வைத்தார்கள், கொட்டாவி விட்டவனை எழுப்பி நிறுத்தினார்கள். இப்போது அரை நாள், ஒரு வீடியோ, ஒரு டீ. மேடம், "உயிருள்ள ஆள் ஒருத்தர் வேணும்" என்று கேட்டதுதான் தாமதம், முதல் ஆளாக நான் கையைத் தூக்கினேன். எல்லாரும் என்னைப் பெரிய தியாகி போலப் பார்த்தார்கள். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எல்லாம் ததேயு அண்ணனுக்காக. ததேயு அண்ணன் என் வண்டியின் பைலட். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரை எங்கள் வேலையில் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள், சம்பளம் போடும்போது மட்டும் டிரைவர் ஆகிவிடுவார். இந்த வருஷம் புதுசாக ஓர் உத்தரவு: அடிபட்டவனை எப்படித் தூக்குவது என்று பைலட்டுகளும் செய்து காட்டித் தேற வேண்டும். தேறினால் வண்டியில் இரண்டு பேருக்கும் சம்பள உயர்வு. தேறாதவர் ரிசர்வ், அதாவது எந்த ஊரில் ஆள் குறைகிறதோ அங்கே போய் ஓட்ட வேண்டும், அவர் இடத்துக்கு வேறு ஆள் வருவார். என் வண்டிக்கு வர வேண்டியவர் சங்கரபாண்டி. சங்கரபாண்டி நல்லவர்தான், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் மூடாது, சைரனையும் மீறி அவர் மாமனார் சொத்து வழக்கு பின்னால் கேட்கும். பேஷண்டுகளே தீர்ப்பு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், மூத்திரத்துக்கு எப்போது இறங்கலாம் என்பதைக்கூடப் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய வேலையில், கூட இருக்கிற ஆள் சரியில்லை என்றால் பெண்டாட்டி சரியில்லாததைவிட மோசம். இதை என் வீட்டுக்காரி பேச்சியிடம் ஒரு நாள் சொல்லிவிட்டு, அன்றைக்கு ராத்திரி நானே சட்டியைத் துழாவிச் சாப்பிட்டேன்.

ததேயு அண்ணனுக்குத் தெரியாத வேலையா. அப்பளம் போல நசுங்கிய காரிலிருந்து ஆளை வெளியே எடுப்பார், பூசணிக்கொடிக்குள்ளிருந்து காயை எடுப்பது போல, பக்கத்தில் ஓர் இலை கிழியாது. வில்லங்கம் எங்கே என்றால், தேர்வில் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். இடம் பாதுகாப்பாக இருக்கிறது, கையுறை போட்டுவிட்டேன், தலையைப் பிடிக்கிறேன், மூச்சைப் பார்க்கிறேன் என்று, ரேடியோ வர்ணனை மாதிரி. சொல்லாததைச் செய்யவில்லை என்றுதான் மேடம் குறிப்பார். அண்ணனுக்கு அதுதான் வராது. எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம், தலையணைதான் பேஷண்ட். "யாருகிட்டவே சொல்லுதது? செவத்துகிட்டயா?" என்று வெட்கப்பட்டு நிற்பார். செய்வதில் ஒரு குறையில்லை, சொல்வதில் எல்லாம் குறை. அதிலும் கழுத்துப் பட்டையைச் சொல்ல ஒரு நாளும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதனால்தான், ராணி இல்லாத தேர்வுக்கு ஆள்தான் படுக்க வேண்டும் என்று தெரிந்து, இந்த விரல் ஏற்பாடு. வலது கைச் சுண்டுவிரல் அசைந்தால் தலை, மோதிர விரல் மூச்சு, நடுவிரல் ரத்தம், ஆள்காட்டி விரல் ஹெல்மெட், கட்டைவிரல் கழுத்துப் பட்டை. மேடம் கண்ணுக்குத் தெரியாமல், ஓர் எறும்பு அசைகிற அளவுக்கு. இப்போது அந்த வலது கை என் வயிற்றுக்கு அடியில் மரத்துப்போய்க் கிடக்கிறது. இடது கை வெளியே சும்மா இருக்கிறது. இடது கையை அசைத்தால் அண்ணன் எப்படி எடுத்துக்கொள்வார்? அதே சுண்டுவிரல் அதே தலையா, அல்லது கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் தலைகீழா? தலைகீழ் என்று எடுத்துக்கொண்டால் தலையைப் பிடி என்று நான் சொல்ல, அவர் கழுத்துப் பட்டையில் ஆரம்பிப்பார். நடுவிரல் மட்டும் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவில்தான் வரும், அதை மட்டும் அசைக்கலாம், ஆனால் மேடம் பார்த்துவிட்டால் அதற்கு அர்த்தமே வேறு.

இந்தத் தேர்வில் அண்ணன் தேறிச் சம்பளம் ஏறினால்தான் காலையில் பேச்சிக்கு நான் சொன்ன வாக்கு நிற்கும். அவள் அண்ணன் கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை லீவாம். "அங்கன ஒரு டப்பா கீழ விழுந்தா துடைச்சுப் போட்டுட்டு வீட்டுக்கு வரலாம். உங்க வேலையில விழுந்தத எங்கன போய்த் துடைக்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த முறை சம்பளம் ஏறும் என்றேன். "இதத்தான வருசா வருசம் சொல்லுதீக" என்றாள். சாயங்காலம் முடிவு சொல்கிறேன் என்று இட்லியைத் தொடாமல் கிளம்பி வந்துவிட்டேன். இட்லியையாவது தின்றிருக்கலாம். கோபத்தில் வயிற்றை ஏன் சேர்த்தேன். தலைக்கு மேல் மேடம் யாரிடமோ போனில் பேசுகிறார், "எனக்கு பரோட்டா வேண்டாம், ஹெவியா இருக்கும்" என்று. கீழே அடிபட்ட மனிதன் கிடக்கிறேன், பரோட்டா பேசுகிறார். நாங்களும் அப்படித்தான். ஸ்டிரெச்சரில் ஆள் கண்ணை மூடிக் கிடக்கும்போது குறுக்கே பேட்டா எப்போது வரும், டியூட்டி யார் மாற்றுவார் என்று பேசியிருக்கிறோம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சர் திரும்பக் கிடைக்காமல் மணிக்கணக்காகக் காத்திருந்து, எங்கள் ஸ்டிரெச்சரில் படுத்திருந்தவரிடமே எப்போது இறங்குவீர்கள் என்று ததேயு அண்ணன் பணிவாகக் கேட்டிருக்கிறார். கீழே இருந்து கேட்டால் எல்லாம் வேறு மாதிரி கேட்கிறது. நான் நிஜமாகவே அடிபட்டுக் கிடந்தால்? பைக்கில்தான் தினம் போகிறேன். அந்த விலக்கில்தான் திரும்புகிறேன். அந்த நினைப்பு வந்ததும் கால் சில்லிட்டுவிட்டது. அசையவில்லை, சில்லிட்டதோடு சரி.

"நெக்ஸ்ட், ததேயுஸ்" என்றார் மேடம். செருப்புச் சத்தம் வந்தது, என் பக்கத்தில் வந்து நின்றது. கீறல் கண்ணாடியில் அண்ணனின் தொப்பை மட்டும் தெரிகிறது, அதற்கு மேல் மழை. அவர் என் வலது கையைத் தேடுகிறார், எனக்குத் தெரிகிறது. தொப்பை இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் போகிறது, குனிகிறது. கை இல்லை. "சொல்லுங்க சார்" என்கிறார் மேடம். அண்ணன், "இடம்..." என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மாதா கோவிலில் கூட்டத்துக்கு முன்னால் ஜெபம் வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் நின்றாராம், பங்குச் சாமியாரே மீதியை வாசித்தாராம். சொல்லும் அண்ணே. இடம் பாதுகாப்பாக இருக்கிறது. மூன்றே சொல். நான் மனசுக்குள் கத்துகிறேன், அது ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அடுத்த மாதம் சங்கரபாண்டி. அதற்கடுத்த மாதம் பெயிண்ட் கடை. நான் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருப்பேன், அண்ணன் எங்கோ தெரியாத ஊரில் தெரியாத ஆளோடு உட்கார்ந்திருப்பார். அழுகை வந்தது. நினைவிழந்தவன் அழலாமா என்றும் புத்தகத்தில் இல்லை.

அப்போதுதான் என் பாக்கெட்டில் போன் அடித்தது. எல்லார் போனையும் மேடம் ஒரு பெட்டியில் வாங்கிப் போட்டார், பேஷண்டிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அடிபட்டவன் பாக்கெட்டில் எப்போதும் போன் அடித்துக்கொண்டே இருக்கும், என் கை ரத்தத்திலும் பஞ்சிலும் இருக்கும், ஆகவே போனை எடுப்பது பைலட்டின் வேலை. ததேயு அண்ணன் அதில் கெட்டிக்காரர். யோசிக்கவே மாட்டார், கை தானாகப் போகும். போயிற்று. என் இடது பாக்கெட்டுக்குள் நுழைந்து, போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எப்போதும் வைப்பது போல என் விலாவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். திரையில் 'வீடு' என்று இருந்திருக்கும். அவருக்கு எல்லார் போனிலும் அதுதானே வரும். குரல் மாறிவிட்டது, அந்தப் பழைய நிதானக் குரல்: "பதறாதீகம்மா. ஆம்புலன்ஸ்ல இருந்து பேசுதோம். சின்ன அடிதான். கூட யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வாங்க." ஐயோ. சின்ன அடி என்றால் என்ன அர்த்தம் என்று பேச்சிக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே சின்ன அடி என்றால் பேஷண்டே பேசிவிடுவான். சின்ன அடிதான், கூட ஆள் கூட்டிவாருங்கள் என்று நாங்கள் சொன்னால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம், தனியாகக் கேட்டு விழுந்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்வது. தொழில் ரகசியம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

"ததேயு அண்ணனா?" என்றாள் பேச்சி. அவர் குரல் அவளுக்குத் தெரியாதா, ஒரு வாரமாக அவள் வைத்த குழம்பைத்தானே சாப்பிட்டார். "அண்ணே, எங்க வீட்டுக்காரரா? அவருக்கா?" அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ போன்களில் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன், அது ஏதோ வீட்டுச் சத்தம், வேறு யாருடையதோ. இது எனக்காக வருகிறது. மார்க்காவது மண்ணாவது, ஏட்டி நான் இருக்கேன் என்று கத்தினேன். தாடைப் பட்டை விடவில்லை. "ம்ம்ம்ம்" என்றுதான் வெளியே வந்தது. "பேஷண்ட் முனகுறார்" என்றார் மேடம், "கவனிங்க." முனகல் போனுக்கும் போயிற்று, அந்தப் பக்கம் இன்னும் பெரிதாக அழுகை. அண்ணனுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது, யாருடைய போனை எடுத்து யாருக்கு என்ன சொன்னோம் என்று. இது டெஸ்ட் என்று சொன்னால் ஃபெயில், சொல்லாவிட்டால் பேச்சி. தொப்பை மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. பொத்தென்று என் தலைமாட்டில் மண்டிபோட்டார். கையுறை போட்ட இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்தார். "அழாதம்மா. கேட்டியா, முனகுதாரு. முனகுனா உசுரு நல்லா இருக்குன்னு அர்த்தம். இந்தா பாரு, நான் பக்கத்துலதான் இருக்கேன். லாரி ஒண்ணும் வரல, எடம் பத்திரமா இருக்கு. கையுறை போட்டுருக்கேன். தலைய ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சிருக்கேன், அசையவிட மாட்டேன்."

போன் அடித்ததும் கேஸில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, மேடத்தின் விரல் டேப்லெட்டில் டக் டக் டக் என்று விழுந்தது. மனிதருக்குச் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. "மூச்சு ஏறி இறங்குதும்மா, நான் கண்ணால பாக்கேன்." டக். "ஸ்டெப்பை விடாம சொல்லுங்க சார்" என்றார் மேடம். போனில் அழுகை சட்டென்று நின்றது. "அண்ணே," என்றாள் பேச்சி, "அது யாரு பொம்பள, ஸ்டெப்புங்கா?" அண்ணன் ஹெல்மெட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். என் பெண்டாட்டியின் மூளை வேலை செய்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. ஒரு வாரமாக வீட்டில் பார்த்த ஒத்திகையும், காலையில் நான் கத்திவிட்டு வந்த டெஸ்ட், மேடம் என்ற சொற்களும் அவளுக்குள் ஒன்று சேர்ந்திருக்கும். அப்புறம் அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். இது வேறு அழுகை. இது பஸ்ஸில் சீட்டுக்காக அழுகிற அழுகை, பால்காரனிடம் கடன் சொல்லும்போது வருகிற அழுகை, எனக்கா தெரியாது. "அண்ணே, ரத்தம் எங்கயாச்சும் வருதாண்ணே? பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று இழுத்தாள். "முழங்கால்ல வருதும்மா, துணி வச்சு அமுக்கிக் கட்டிருதேன்." டக். "தலையில அந்தச் சட்டிய இன்னும் மாட்டிக்கிட்டா கெடக்காரு, பாவி மனுசன்?" "கழத்துதேம்மா, ஒராள் கழுத்தப் புடிக்கணும், ஒராள் இழுக்கணும்." உதவிக்கு ஒருவரைக் கூப்பிடலாம் என்றார் மேடம். அண்ணன் வாசல் செக்யூரிட்டி துரைப்பாண்டியைக் கூப்பிட்டார், ரோட்டிலும் சும்மா நிற்கிறவனைத்தானே கூப்பிடுகிறோம். அவருக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டு, ஹெல்மெட்டை மெல்ல மெல்ல உருவினார்கள். காற்று வந்தது. மூக்கு இன்னும் அரித்தது.

இனிக் கழுத்துப் பட்டை. அண்ணன் ஸ்பைன் போர்டை, அந்த நீளப் பலகையை, இழுக்கக் கையை நீட்டிவிட்டார். பட்டை அவருக்குப் பின்னால் கிடக்கிறது, கண்ணோரத்தில் எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. மேடத்தின் விரல், செய்யவில்லை என்று குறிக்கிற சிவப்புப் பொத்தான் பக்கம் நகர்ந்துவிட்டது. என் விரல் எல்லாம் தானாக அசையத் துடிக்கிறது. "அண்ணே!" என்று வீறிட்டாள் பேச்சி. "எங்க மாமாவுக்கு இப்படித்தான் கழுத்து திரும்பிப் போச்சு! கழுத்துக்கு ஏதாச்சும் மாட்டுனீகளா இல்லயா?" அவளுக்கு அப்படி ஒரு மாமாவே கிடையாது. "மாட்டாம இருப்பேனா தாயி!" என்றார் அண்ணன், திரும்பிப் பட்டையை எடுத்து மாட்டினார். மேடம் போனை ஒரு பார்வை பார்த்தார். "ரொம்ப விவரமான அட்டெண்டர்" என்றார், பேஷண்டோடு வருகிற சொந்தக்காரரை அப்படித்தான் சொல்வார்கள். டக்.

அப்புறம் எல்லாம் தண்ணீர் போல ஓடியது. என்னைப் புரட்டினார்கள், பலகையில் ஏற்றினார்கள், நெஞ்சு, இடுப்பு, கால் என்று கட்டினார்கள். மரத்த வலது கைக்குள் ரத்தம் திரும்பி ஊசி குத்தியது. தலைக்கட்டும் வார் எப்போதோ தொலைந்துவிட்டது, வேறு கேட்டு எழுதிப் போட்டதோடு சரி, அதனால் ஆஸ்பத்திரி வரும்வரை தலையைக் கையாலேயே பிடிக்க வேண்டும் என்று போனில் பேச்சிக்கு விளக்கிவிட்டு, அண்ணன் என் காதுகளை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இந்தக் கை எத்தனை தலையைப் பிடித்து நான் பார்த்திருக்கிறேன், உள்ளே இருந்தால் இப்படி இருக்கும் என்று தெரியாது. கையுறையையும் மீறிச் சொரசொரப்பு, டீசல் வாசனை, நடுக்கமே இல்லை. வாய்தான் நடுங்கும், கை நடுங்காது. நிஜமாக விழுந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது, அதை உடனே அழித்தேன். மேடம் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தார், விரல் போகிறது, வருகிறது. "பார்டர்ல தாண்டிட்டீங்க சார்" என்றார், "கன்ஃபர்ம் பண்ணல, நெட் வரல, அப்படியே இருங்க, கேஸ் க்ளோஸ் ஆகல." அப்படியே இருந்தோம்.

"அண்ணே," என்றாள் பேச்சி, "போன அவரு காதுகிட்ட வைங்க." துரைப்பாண்டி ஸ்பீக்கரை அணைத்து, அண்ணனின் விரல் இடுக்கில் போனைச் செருகினார். குனிந்திருந்த அண்ணனுக்கும் கேட்கிற தூரம்தான். "மனுசனா நீங்க?" என்றாள், ரொம்ப மெதுவாக. "மொதல்ல ஒரு நிமிசம் நான் நெசம்னுதான நெனச்சேன். அடுப்ப அணைக்கக்கூடக் கை வரல. இட்லிய வச்சுக்கிட்டுத்தான் போன் பண்ணுனேன், தின்னீகளா இல்லயான்னு கேக்க." கொஞ்ச நேரம் அழுதாள், இது மூன்றாவது அழுகை, இதை நான் கேட்டதே இல்லை. "பெயிண்ட் கடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அங்கன போயிட்டு வாரப்போ ரோட்டுல விழுந்தா எவன் வந்து தூக்குவான்? இந்த அண்ணன் வண்டியிலயே இருங்க. வேற ஒருத்தன் வண்டியில ஏறுனீகன்னு கேள்விப்பட்டேன், நானே கழுத்தத் திருப்பிருவேன். கேக்குதா? சரின்னு சொல்லுங்க." கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து அண்ணனின் உள்ளங்கைக்குள் போனது. மேடம் டேப்லெட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நெட் தேடிக்கொண்டிருந்தார். "ஏங்க, பேச மாட்டீகளா? இன்னும் கோவமா? ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் பேச்சி. எப்படிச் சொல்வேன். பேசக் கூடாதே தவிர, லேசாக, மேடத்துக்குத் தெரியாமல், சரி என்று தலையை ஆட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியாதுதான், ஆனாலும் ஆட்ட வேண்டும் போல இருந்தது. ஆட்டினேன். இரண்டு கைகளும் இறுகின.

"ஆட்டாதேயும்வே," என்றார் ததேயு அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."